கடன் வாங்கிய போர்க்களம்

1965-ல் வந்த ‘தி கிரேட் சியூ மாஸக்கர்’ படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஜோசப் காட்டன் மாதிரி ஒரு நடிகரும், சியூ பூர்வகுடிகளோடு மோதிச் செத்த அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதி கஸ்டரின் கடைசிப் போர் மாதிரி ஒரு கதையும் கையில் இருந்தும் படம் ஏன் இப்படிச் சப்பென்று போகிறது? குறைந்த பட்ஜெட்தான் காரணமா? கேப்டன் டைகர் காமிக்ஸ் வழியாகத்தான் அமெரிக்கக் குதிரைப்படை உங்களுக்குப் பழக்கம் என்றும் சொல்லியிருந்தீர்கள். அப்படியென்றால் நீல உடுப்பு, மரக்கோட்டை, ஊதுகொம்பு எதையும் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பணம் குறைவு என்பது பாதிப் பதில்தான். பணம் இல்லாதபோது எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்த இடத்தில்தான் படம் தோற்றது. கையில் இருந்த காசுக்கு அருமையாக எடுத்திருக்கக்கூடிய ஒரு கதை அந்த வரலாற்றுக்குள்ளேயே இருந்தது. அதை விட்டுவிட்டு, எடுக்க முடியாத ஒரு போர்க்களத்தின் பின்னால் போனார்கள்.

முதலில் அந்தப் போர்க்களம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இயக்குநர் சிட்னி சால்கோ. குறைந்த செலவில், குறித்த நாளில் முடித்துக் கொடுப்பதில் பல வருட அனுபவம் உள்ளவர். 1954-ல் சியூ தலைவர் ஒருவரின் பெயரில் ‘சிட்டிங் புல்’ என்று ஒரு படம் எடுத்திருந்தார். அது மெக்ஸிகோவில், சினிமாஸ்கோப்பில், நிறைய ஆட்களையும் குதிரைகளையும் வைத்து எடுத்த படம். பதினோரு வருடம் கழித்து அதே போரை மறுபடி எடுக்கும் வாய்ப்பு வந்தபோது, பழைய படத்தின் போர்க்காட்சிகளையே எடுத்து இதில் ஒட்டிக்கொண்டார். நீங்கள் பார்த்த பெரிய மோதல் காட்சிகளில் கணிசமானவை 1954-ல் வேறு கதைக்காக, வேறு நடிகர்களை வைத்து எடுத்தவை. பழைய படத்தில் கஸ்டராக வந்தவர் டக்ளஸ் கென்னடி. புதிய படத்தில் ஃபிலிப் கேரி.

இப்படிப் பழைய காட்சிகளை ‘ஸ்டாக் ஷாட்’ என்று போடுவது அந்தக் காலத்தில் வழக்கம்தான், அதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது படத்துக்கு என்ன செய்கிறது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அடுத்த முறை பார்க்கும்போது கடைசிப் போரில் ஏதாவது ஒரு வெட்டில் நிறுத்திப் பாருங்கள். ஓர் அதிகாரி குளோஸ்-அப்பில் துப்பாக்கியைத் தூக்கிச் சுடுகிறார். அவருக்குப் பின்னால் வானமும் கொஞ்சம் மண்ணும்தான் தெரியும், கூட நான்கைந்து பேர். அடுத்த ஷாட்டில் பள்ளத்தாக்கு முழுக்க ஆட்கள். இரண்டுக்கும் நடுவில் நிழல் விழும் திசையையும், தூசியின் அடர்த்தியையும், படச்சுருளின் துகள் அளவையும் ஒப்பிடுங்கள். பழைய நெகட்டிவிலிருந்து நகல் எடுத்துச் சேர்த்தால் துகள் கூடும், நிறம் ஒரு சுற்று மங்கும், நிழல் பகுதிகள் கறுத்துப் போகும். சாதாரணமாகப் பார்க்கும்போது இதெல்லாம் கண்ணில் தனியாகப் படாது. ஆனால் சுடுபவரும் விழுபவரும் ஒரே இடத்தில் இல்லை என்று மனசுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் சொன்ன அந்தச் ‘சப்’ உணர்வில் பாதி இதனால் வந்ததுதான்.

இன்னொரு விளைவு இதைவிட மோசமானது. கடன் வாங்கிய காட்சி திரைக்கதையையே கட்டிப்போட்டுவிடும். பழைய லாங் ஷாட்டில் கஸ்டர் எந்த நிற உடுப்பில் இருந்தாரோ, புதிய நடிகரும் அதையே போட வேண்டும். பழையதில் குதிரைகள் இடமிருந்து வலமாக ஓடினால் இங்கேயும் அப்படித்தான். போர் எப்படித் தொடங்கும், எங்கே திரும்பும், யார் எப்போது விழுவார்கள் எல்லாமே ஏற்கெனவே வெட்டித் தைத்து வைத்தாகிவிட்டது. அந்தச் சட்டைக்குப் பொருந்துகிற உடம்பைத் தேடுகிற வேலைதான் எழுத்தாளருக்கு மிஞ்சுகிறது. ஒரு போரை இன்னொரு விதமாகப் புரிந்துகொள்ள முயலும் படம், முதல் படத்தின் புரிதலையே காட்சியாக வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

சரி, அவ்வளவு கஷ்டப்பட்டுக் கடன் வாங்க வேண்டியது ஏன்? குதிரைப்படைப் படத்தில் காசைத் தின்பது நடிகர்களைவிடக் குதிரைகள்தான். ஒரு வீரனைத் திரையில் காட்ட ஒரு குதிரை, ராணுவ வகைச் சேணம், சீருடை, குதிரை ஏறத் தெரிந்த ஆள் வேண்டும். அதைக் கவனிக்க ஆட்கள், ஏற்றிவர வண்டிகள், தீனி, தண்ணீர் எல்லாம் தனி. குதிரை விழ வேண்டும் என்றால் செலவு இன்னும் ஏறும். 1930-களில் முன்னங்கால்களில் கம்பி கட்டி ஓடும் குதிரையை இழுத்து விழவைத்தார்கள். அதில் ஏராளமான குதிரைகள் செத்தன. 1939-ல் ஒரு படத்துக்காகக் குதிரையைப் பாறை விளிம்பிலிருந்து தள்ளியதில் அது இறந்தது பெரிய கண்டனத்தைக் கிளப்பியது. மறு வருடமே அமெரிக்கன் ஹியூமேன் என்ற விலங்கு நல அமைப்பின் கண்காணிப்பு ஹாலிவுட் படப்பிடிப்புகளுக்கு வந்தது. அப்புறம் விழுவதற்கென்றே பழக்கிய குதிரைகளும், அவற்றோடு விழத் தெரிந்த ஸ்டண்ட் கலைஞர்களும் தேவைப்பட்டார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் சின்னத் தயாரிப்பாளருக்குக் கட்டுப்படியாகாத மாற்றம். அதனால்தான் மலிவான படங்களில் ஒரு முழுப் படைப்பிரிவு என்று வசனத்தில் சொல்வார்கள், திரையில் பதினைந்து பேர் வருவார்கள். அதே பதினைந்து பேர் மேட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி வருவார்கள்.

இதுவரை சொன்னவை பணத்தால் வந்த குறைகள். பணமே செலவாகாத குறைகள்தான் எனக்கு அதிக வருத்தம் தருகின்றன.

கதாபாத்திரங்களிலிருந்து தொடங்குகிறேன். உண்மையில் நடந்தது இது. 1876 ஜூன் 25, மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. ஏழாவது குதிரைப்படையை கஸ்டர் பிரித்தார். ஒரு பகுதி மேஜர் மார்கஸ் ரீனோவிடம், ஒரு பகுதி கேப்டன் ஃபிரெடெரிக் பென்டீனிடம், ஒரு பகுதி தன்னிடம். மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகள் தனியாகப் பின்னால். கஸ்டரோடு போன சுமார் 210 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ரீனோவும் பென்டீனும் தப்பினார்கள். ஏன் தப்பினார்கள், ஏன் உதவிக்குப் போகவில்லை என்ற கேள்வி அவர்களை ஆயுள் முழுக்கத் துரத்தியது.

பென்டீன் அப்போது நாற்பதைத் தாண்டிய, திருமணமான, நரைத்த மனிதர். கஸ்டரை அவருக்கு அறவே பிடிக்காது. 1868-ல் வாஷிட்டா ஆற்றங்கரைத் தாக்குதலில் மேஜர் எலியட்டையும் அவரோடு போனவர்களையும் கஸ்டர் தேடாமல் விட்டுவிட்டு வந்தார் என்பது அவர் மனதில் ஆறாத காயம். அதைப் பற்றி அவர் எழுதிய கடிதம் பத்திரிகையில் வந்து, எழுதியவனைச் சவுக்கால் அடிப்பேன் என்று கஸ்டர் கொதித்தார். எழுதியது நான்தான் என்று பென்டீன் முன்னால் வந்து நின்றார். ரீனோ மீதும் அவருக்குப் பெரிதாக மதிப்பில்லை. ஒருவரையொருவர் வெறுக்கும் மூன்று அதிகாரிகள், ஒரே நாள், ஒரே ஆறு. இதைவிட நாடகத்துக்கு வேறென்ன வேண்டும்?

படம் என்ன செய்தது? பென்டீனை ‘பென்டன்’ ஆக்கியது. டேரன் மெக்கேவின் நடித்த அந்தப் பாத்திரத்துக்கு ரீனோவின் மகளோடு ஒரு காதல் கொடுத்தது. ரீனோவுக்கு மகளே கிடையாது, ஒரே ஒரு மகன்தான். போரில் தப்பிய இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த கசப்பு போய், மாமனார் மருமகன் உறவு வந்துவிட்டது. காதல் ஜோடி இல்லாமல் படம் விற்காது என்ற பயம்தான் காரணமாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஒரு மாற்றத்தில் கதையின் முதுகெலும்பு போய்விட்டது.

கஸ்டர் விஷயத்தில் படத்துக்கு ஒரு நல்ல எண்ணம் இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பூர்வகுடிகள் மேல் அனுதாபத்தோடு தொடங்கும் கஸ்டர், அரசியல் ஆசை காட்டப்பட்டு, ஒரு வெற்றிக்காகப் போரைத் தேடிப் போகிறவராக மாறுகிறார். இதற்கு வரலாற்றில் ஓர் ஆதாரப்புள்ளி உண்டு. 1876 வசந்தத்தில் ராணுவ அமைச்சராக இருந்த பெல்க்நாப்பின் ஊழல் பற்றி கஸ்டர் வாஷிங்டனில் சாட்சி சொன்னார். ஜனாதிபதி கிராண்டுக்குக் கோபம் வந்து, சியூக்களுக்கு எதிரான படையெடுப்பில் போக முடியாது என்ற நிலை ஏற்பட்டது. மேலதிகாரி ஜெனரல் டெர்ரி பரிந்து பேசித்தான் தன் படைப்பிரிவோடு போக அனுமதி கிடைத்தது. பெயரை மீட்டே ஆக வேண்டிய நெருக்கடியில் ஒரு மனிதர். ஃபிலிப் கேரி உயரமும் குரலும் உள்ள நடிகர். அந்த நெருக்கடியை எழுதிக் கொடுத்திருந்தால் செய்திருப்பார். படத்தில் அந்த மாற்றம் மெல்ல மெல்ல நடக்காமல் வசனத்தில் அறிவிப்பாக வந்து போகிறது.

இனி, அந்த ஜூன் 25-ல் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். பெரிய கூட்டம் தேவையில்லாத சம்பவங்கள் இவை.

ஒன்று, ரீனோவின் முகத்தில் தெறித்த ரத்தம். ஆற்றங்கரையில் இருந்த பூர்வகுடிக் கிராமத்தின் தென்கோடியைத் தாக்கச் சொல்லி ரீனோவை அனுப்புகிறார்கள். அவரிடம் சுமார் 140 வீரர்கள். எதிர்பார்த்ததைவிடக் கிராமம் பல மடங்கு பெரியது. ஆற்றோர மரக்கூட்டத்துக்குள் பின்வாங்குகிறார்கள். ரீனோ பக்கத்திலேயே, கஸ்டருக்கு மிகவும் பிடித்த அரிக்கரா பழங்குடி வழிகாட்டி பிளடி நைஃப். என்ன செய்யலாம் என்று சைகையில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிளடி நைஃப்பின் தலையில் குண்டு பாய்ந்து, ரத்தமும் மூளையும் ரீனோ முகத்தில் அடிக்கின்றன. அந்த அதிர்ச்சியில் ‘ஏறு’, ‘இறங்கு’, மறுபடி ‘ஏறு’ என்று ரீனோ மாற்றி மாற்றி ஆணையிடுகிறார். பாதிப் பேருக்குக் காதில் விழவே இல்லை. அப்படியே கட்டுக்குலைந்து ஆற்றைக் கடந்து மேட்டுக்கு ஓடுகிறார்கள், வழியில் பலர் சாகிறார்கள். அது கோழைத்தனமா, அந்த இடத்தில் எந்த மனிதனும் அப்படித்தான் செய்திருப்பானா? ரீனோவாக நடித்த ஜோசப் காட்டனின் முகம் ஒன்று போதும், பத்து நிமிடம் அந்தக் கேள்வியைத் தாங்கியிருக்கும். ‘சிட்டிசன் கேன்’, ‘தேர்ட் மேன்’ இரண்டிலும் நண்பனால் உடைந்துபோகும் மனிதனை அப்படி நடித்துக் காட்டியவர் அவர்.

இரண்டாவது, ஒரு துண்டுச் சீட்டு. கிராமத்தைக் கண்டதும் பென்டீனை வரச்சொல்லி கஸ்டர் ஓர் ஊதுகொம்புக்காரரை அனுப்புகிறார். அவர் பெயர் ஜொவான்னி மார்ட்டினி, ராணுவப் பதிவில் ஜான் மார்ட்டின். இத்தாலியிலிருந்து வந்து அதிக வருடம் ஆகாதவர், ஆங்கிலம் அரைகுறை. வாய்ச்சொல்லை நம்பாமல் கஸ்டரின் அட்ஜுடன்ட் (ஆணைகளை எழுதி அனுப்பும் உதவி அதிகாரி) குக் அவசரமாக எழுதிக் கொடுக்கிறார்: வா, பெரிய கிராமம், சீக்கிரம், மூட்டைகளைக் கொண்டுவா. கீழே மறுபடி, மூட்டைகளைக் கொண்டுவா. குதிரைக்கு அடிபட்டும் மார்ட்டினி போய்ச் சேருகிறார். பென்டீன் விசாரிக்கிறார், கிடைத்த பதிலிலிருந்து எதிரிகள் ஓடுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றுகிறது. சீக்கிரம் வருவதா, மெதுவாக வரும் கோவேறு கழுதைகளோடு வருவதா? இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. கஸ்டரையும் அவரோடு போனவர்களையும் உயிரோடு கடைசியாகப் பார்த்துவிட்டுத் தப்பிய வெள்ளையர் மார்ட்டினிதான். ஒரு குதிரை, ஒரு காகிதம், இரண்டு நடிகர்கள் போதும் இதற்கு.

மேட்டின் மேல் நடந்த முற்றுகையும் அப்படித்தான். ரீனோ, பென்டீன், மூட்டைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து 350-க்கும் மேற்பட்டோர், ஜூன் வெயிலில் தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள். காயம்பட்டவர்களுக்காகக் கேத்தல்களையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கு வழியாக ஆற்றுக்கு ஊர்ந்து போன வீரர்கள் உண்டு. அந்தப் போருக்காக 24 பேருக்கு மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது, தண்ணீர் எடுக்கப் போனவர்கள் அதில் பலர். வடக்கே துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, பிறகு நின்றுபோகிறது. அங்கே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. கஸ்டர் நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றுதான் பலர் நினைத்தார்கள். அவருடைய படை முழுதும் இறந்துவிட்டது 27-ம் தேதி டெர்ரியின் ஆட்கள் வந்த பிறகுதான் தெரிந்தது. கடைசிப் போரைத் திரையில் காட்டாமலே, காதால் மட்டும் கேட்க வைத்து எடுக்கலாம். 1954-ன் ஒரு அடி ஃபிலிம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

இன்னும் மலிவாகவும் ஒரு வழி இருந்தது. 1879 ஜனவரியில் சிக்காகோவின் பாமர் ஹவுஸ் ஹோட்டலில் ரீனோ மீதான விசாரணை தொடங்கியது. கேட்டுப் பெற்றவர் ரீனோவேதான், தன்மீது விழுந்த பழியைத் துடைக்க. ஓர் அறை, சாட்சிகள் ஒருவர் பின் ஒருவர், படையின் மானத்துக்காக எதைச் சொல்வது எதை விழுங்குவது என்ற தடுமாற்றம். ராணுவ ரீதியாக நடவடிக்கை எடுக்க ஒன்றுமில்லை என்று முடிந்தது. மறு வருடமே வேறு விவகாரத்தில் ரீனோவை ராணுவத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த நீக்கத்தைத் திருத்தி, அவர் எச்சத்தை லிட்டில் பிக்ஹார்னில் ராணுவ மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தது 1967-ல். படம் வந்து இரண்டே வருடத்தில்.

அடுத்து, எதிர்ப்பக்கம் நின்றவர்கள். சியூக்களில் ஒரு பிரிவான லகோட்டாக்களுக்கும், அவர்களோடு நின்ற வட ஷெயான்களுக்கும் அது ‘கடைசிப் போர்’ அல்ல, தங்கள் வீட்டு வாசலில் வந்து விழுந்த தாக்குதல். பல ஆயிரம் பேர் குடும்பம் குழந்தைகளோடு தங்கியிருந்த முகாம். ரீனோவின் முதல் தாக்குதலில் கால் என்ற தலைவரின் இரண்டு மனைவிகளும் மூன்று குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். வந்தது யார், எதற்காக வந்தார்கள் என்று இந்தப் பக்கத்திலிருந்து ஒரு காட்சி எழுதக் காசு தேவையில்லை. படத்தின் தலைப்பே கொல்லப்பட்ட படைவீரர்கள் பக்கம் நின்றுகொண்டு ‘படுகொலை’ என்கிறது.

நடிகர் தேர்வைப் பாருங்கள். சிட்டிங் புல்லாக வருபவர் மைக்கேல் பேட், சிட்னியில் பிறந்த ஆஸ்திரேலியர். நல்ல நடிகர், ‘ஹான்டோ’ படத்தில் அப்பாச்சே தலைவராகக் கண்ணியமாகச் செய்தவர். இன்னொரு சியூ தலைவரான கிரேஸி ஹார்ஸாக வருபவர் அயர்ன் ஐஸ் கோடி. 1954 படத்திலும் அதே பாத்திரம் அவருக்குத்தான், அதனால் பழைய காட்சிகளோடு ஒட்டவைக்க வசதியாக இருந்திருக்கும். வாழ்நாள் முழுக்கப் பூர்வகுடி என்றே சொல்லி வாழ்ந்த அவர், சிசிலியிலிருந்து லூசியானாவுக்கு வந்த இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பது 1996-ல் வெளியே வந்தது. இப்படி இரண்டு முக்கியத் தலைவர்களும் வெளியாட்கள். சியூ மக்கள் டகோட்டா மாநிலங்களில் அன்றும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். லிட்டில் பிக்ஹார்னை நேரில் பார்த்த பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருந்த காலம் அது. ஒருவரை அழைத்துப் பேசவைத்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்குத் தீரவே இல்லை.

உடுப்பு, ஆயுதம் விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவை இந்த ஒரு படத்தின் தவறுகள் மட்டும் அல்ல. அந்தப் படையெடுப்பில் ஏழாவது குதிரைப்படை வாள்களைப் பெட்டியில் கட்டிப் பின்னால் விட்டுவிட்டுத்தான் போனது. 1941-ல் எரால் ஃப்ளின் தொடங்கி சினிமா கஸ்டர்கள் வாளை விடவே மாட்டேன் என்கிறார்கள். கஸ்டரின் நீளமான பொன்முடி புகழ்பெற்றது, ஆனால் அன்று அவர் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். வீரர்கள் கையில் இருந்தது 1873 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு, ஒரு குண்டு சுட்டால் அடுத்ததைக் கையால் போட வேண்டும். கழுத்தில் மஞ்சள் கைக்குட்டை சினிமா பரப்பிய வழக்கம். மேலே சிவப்பு கீழே வெள்ளையாகப் பறக்கும் அந்தப் பிளவுக்கொடியும் 1876-ல் புழக்கத்தில் இல்லை, அப்போது நட்சத்திரமும் பட்டைகளும் உள்ள வடிவம்தான். இந்தத் தவறுகளால் மட்டும் எந்தப் படமும் கெட்டுப்போகாது. ஆனால் ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியை நினைத்துப் பாருங்கள்: குண்டு போடும் அந்தச் சில நொடிகள், சூட்டில் தோட்டாக்கூடு சிக்கிக்கொண்டால் கத்தியால் நெம்பி எடுக்கும் பதற்றம். வரலாறு சரியாக இருந்திருந்தால் காட்சியும் நன்றாக வந்திருக்கும்.

பட்ஜெட் இல்லாமல் இதே விஷயத்தை நல்லபடியாக எடுத்தவர்கள் உண்டா என்றால், உண்டு. 1951-ல் ராபர்ட் லிப்பர்ட்டின் மிகச் சின்ன கம்பெனி ‘லிட்டில் பிக் ஹார்ன்’ என்று கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தது. எழுதி இயக்கியவர் சார்லஸ் மார்க்விஸ் வாரன், அவருக்கு அது முதல் படம். லாயிட் பிரிட்ஜஸும் ஜான் அயர்லாந்தும் இரண்டு அதிகாரிகள், நடுவில் ஒருவரின் மனைவி காரணமாகப் பகை. ஒரு சின்ன ரோந்துப் படை, சியூக்கள் திரண்டிருக்கும் செய்தியை கஸ்டருக்குச் சொல்ல விரைகிறது. வழியில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பெரிய போர் எங்கோ நடக்கப்போகிறது, நாம் இருப்பது இந்தச் சில பேரோடு. பதினைந்து குதிரைகள்தான் உண்டு என்றால் பதினைந்து பேரின் கதையைச் சொல்வோம் என்று முடிவெடுத்த படம் அது. பூர்வகுடிகளைக் காட்டுவதில் அதுவும் தேறாது. ஆனால் ஒவ்வொரு வீரனும் சாகும்போது யார் போனது என்று நமக்குத் தெரிகிறது.

ஜான் ஃபோர்டுகூட ‘ரியோ கிராண்டே’வை 1950-ல் ரிபப்ளிக் என்ற சிக்கனமான கம்பெனிக்காக, கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். அயர்லாந்தில் ‘தி கொயட் மேன்’ எடுக்கப் பணம் வேண்டுமென்றால் முதலில் ஒரு குதிரைப்படைப் படம் கொடு என்பது நிபந்தனை. மனைவியைப் பல வருடம் பிரிந்திருந்த தளபதி, அவருடைய படையிலேயே சாதாரண வீரனாக வந்து சேரும் மகன், மகனைத் திரும்ப அழைத்துப்போக வரும் தாய். சண்டைகள் மறந்துபோனாலும் இந்த மூன்று பேரும் நினைவில் நிற்கிறார்கள்.

‘தி கிரேட் சியூ மாஸக்கரை’ மறுபடி பார்க்க நேரம் ஒதுக்க வேண்டுமா என்றால், முழுதாக வேண்டாம். காட்டன் வரும் காட்சிகளை மட்டும் பாருங்கள். எழுத்து கைகொடுக்காத இடத்திலும், வெட்கத்தையும் களைப்பையும் தோளில் சுமந்துகொண்டு நிற்கிற ஒரு ரீனோவை அவர் கொண்டுவருகிறார். போர் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, வாரனின் 1951 படத்துக்குப் போய்விடுங்கள்.